பாசறை தாண்டாத சேனைகள்

1947ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரிட்டிஷ் இந்திய ராணுவம், ஏறக்குறைய இரண்டு பங்கு இந்தியாவுக்கும் ஒரு பங்கு பாகிஸ்தானுக்குமாகப் பிரிக்கப்பட்டபோது, இரு திசைகளிலும் பிரிந்து சென்ற அதிகாரிகள் ஒரே ஸாண்டர்ஸ்டு ராணுவக் கல்லூரியிலோ ஒரே டேராடூன் ராணுவக் கல்லூரியிலோ பயின்றவர்கள்; பர்மாவின் காடுகளிலும் வட ஆப்பிரிக்காவின் பாலைவனத்திலும் தோளோடு தோள் நின்று போரிட்டவர்கள்; ஒரே சட்டப் புஸ்தகத்தையும் ஒரே அணிவகுப்பு முறையையும் ஒரே போஜனசாலைச் சம்பிரதாயங்களையும் உடையவர்கள். அவ்வாறிருந்தும், பதினோரே ஆண்டுகளில், 1958ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், அவ்விரு சேனைகளுள் ஒன்று தன் தேசத்தின் அரசாங்கத்தையே கைப்பற்றிக்கொண்டது. 1969, 1977, 1999 ஆகிய ஆண்டுகளிலும் அங்கே தளபதிகளே ஆட்சிப் பீடத்தில் அமர்ந்தனர். மற்றொன்றோ, 1962இன் தோல்வியிலும், 1971இன் வெற்றியிலும், நெருக்கடி நிலையின் கொடிய மாதங்களிலுங்கூட, பாசறையை விட்டு ராஜ்ய பீடத்தை நோக்கி ஓரடியும் எடுத்து வைத்ததில்லை.

இதனை இயற்கை நியதி என்றே நம்மில் பலர் எண்ணி வாழ்கின்றனர். தலைநகரின் வீதிகளில் டாங்கிகள் வந்து நிற்பதாகக் காலைப் பத்திரிகையில் வரும் செய்தி எப்போதும் பிறர் தேசத்தைப் பற்றியதாகவே இருக்கும் என்பது நமது அசையாத நம்பிக்கை. ஆனால் நம்மைப் போலவே பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுபட்ட பர்மாவில் 1962ஆம் ஆண்டிலும், நைஜீரியாவிலும் கானாவிலும் 1966ஆம் ஆண்டிலும் ஜனநாயக அரசியலோ, அதன் பெயரால் நடந்த அரசியலோ, ஓரிரவுக்குள் ராணுவத்தின் கைக்குப் போயிற்று. ஆகவே, போகாதிருந்த இடங்களில் அது ஏன் போகவில்லை என்பது அறிஞர்களின் பொழுதுபோக்கு விசாரணை அன்று. வாக்குச்சீட்டை நம்பி வாழும் ஒவ்வொரு பிரஜையின் கேள்வியும் ஆகும்.

இக்கேள்விக்கு முதலில் வழங்கப்பட்ட விடை, பயிற்சியையும் தொழில் தர்மத்தையும் பற்றியது. அமெரிக்க அறிஞர் ஸாமுவேல் ஹண்டிங்டன் 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், போர்வீரன் தன் தொழிலில் முழுத் தேர்ச்சியும் பெருமிதமும் பெற்று, அத்துறையில் பிறர் தலையீடின்றி இயங்க விடப்படுவானாயின், அரசியலில் அவனுக்கு நாட்டம் இராது என்று வாதித்தார். கேட்பதற்கு இனிய வாதமே. ஆயினும் ஐந்தாண்டுகளில் ஆங்கிலேய அறிஞர் ஸாமுவேல் ஃபைனர் அதனைத் தலைகீழாக்கினார். தன் தொழிலில் பெருமிதம் மிக்க சேனாதிபதி, தான் தேசத்தின் ஊழியனேயன்றி அன்றன்று மாறும் மந்திரி சபையின் ஊழியன் அல்லன் என்று எண்ணத் தொடங்கலாம். அவ்வெண்ணத்திலிருந்து, தேசத்தைக் காக்க மந்திரி சபையைக் கலைப்பதே கடமை என்ற முடிவுக்குத் தூரம் அதிகமில்லை என்றார் அவர். பாகிஸ்தானில் ஆட்சியைப் பிடித்த அயூப் கானும், அவ்வாறு செய்யாத இந்தியத் தளபதி திம்மையாவும் ஸாண்டர்ஸ்டில் பயின்றவர்களே என்ற ஒன்றை நினைத்துப் பார்த்தால், பயிற்சி மாத்திரம் காவலாகாது என்பது விளங்கும்.

செல்வம் என்பது அடுத்த விடை. பிரஷெவொர்ஸ்கி, லிமோங்கி என்ற இருவர் 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட பிரசித்தமான ஆராய்ச்சியில், 1975ஆம் ஆண்டு ஆர்ஜென்டினாவுக்கு இருந்த தலா வருமானத்தைக் கடந்த எந்த ஜனநாயகமும் அதுகாறும் வீழ்ந்ததில்லை என்று காட்டினர். ஏழைத் தேசங்களிலேயே ராணுவப் புரட்சிகள் மிகுதி என்பதில் ஐயமில்லை. ஆனால் 1952ஆம் ஆண்டில் தன் முதற் பொதுத் தேர்தலை நடத்தி முடித்த இந்தியாவைவிட ஏழ்மையில் உழன்ற ஜனநாயகம் வேறெது? பதினேழு கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். பஞ்சமும் அகதிகளின் துயரமும் தீர்ந்தபாடில்லை. செல்வமே காவல் என்ற விதி, எதனை விளக்க வேண்டுமோ அதனையே விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடுகிறது.

ஆகவே சுதந்திர இந்தியாவின் முதற் சில ஆண்டுகளில் செய்யப்பட்ட ஏற்பாடுகளைச் சற்று நெருங்கி நோக்க வேண்டும். பிரிட்டிஷ் காலத்தில் பிரதம சேனாதிபதி வைஸ்ராய்க்கு அடுத்த ஸ்தானத்தில் இருந்தவர். வைஸ்ராயின் நிர்வாக சபையிலும் அவருக்கு இடமுண்டு. 1905ஆம் ஆண்டில் கர்ஸன் பிரபுவுக்கும் சேனாதிபதி கிச்சனருக்கும் ராணுவ நிர்வாகம் பற்றி மூண்ட தகராறில் ராஜினாமாச் செய்து கப்பல் ஏறியவர் வைஸ்ராயே அன்றிச் சேனாதிபதி அல்லர். அத்தகைய பதவிக்குரியவருக்காக, புது டில்லியில் வைஸ்ராய் மாளிகைக்குத் தெற்கே ஒரு பெரிய மாளிகை கட்டப்பட்டிருந்தது. அதற்குக் கொடிக்கம்ப மாளிகை என்று பெயர். 1948ஆம் ஆண்டில் ஜவாஹர்லால் நேரு அதனைப் பிரதம மந்திரியின் வாசஸ்தலமாக ஏற்று அதில் குடிபுகுந்தார். தீன் மூர்த்தி பவனம் என்று நாம் அறிவது அதுவே. இதனை வெறும் வீட்டு மாற்றம் என்று கருதுவது தவறு என்பது என் துணிபு. தலைநகரில் எந்த வாசலில் மனுதாரர்கள் காத்து நிற்கின்றனர், எந்த முற்றத்தில் வெளிநாட்டுத் தூதர்களின் வண்டிகள் வந்து நிற்கின்றன என்பதைக் கண்டே, அதிகாரம் எங்குள்ளது என்பதை ஜனங்களும் சிப்பாய்களும் அறிகின்றனர். 1955ஆம் ஆண்டில் பிரதம சேனாதிபதி என்ற பதவிப் பெயரே சட்டத்தால் நீக்கப்பட்டது; தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் சம அந்தஸ்துள்ள மூன்று தலைவர்கள் ஏற்பட்டனர்; மூவருக்கும் மேலே சிவில் மந்திரி நின்றார். இன்றைய முன்னுரிமை வரிசையில் தரைப்படைத் தலைவரின் இடம் மந்திரி சபைச் செயலாளருக்கும் ஒரு படி கீழே உள்ளது.

இவற்றோடு, தலைவர்களின் பதவிக் காலமும் கண்டிப்பாக வரையறுக்கப்பட்டது. 1951 முதல் 1976 வரையிலான கால் நூற்றாண்டில் பாகிஸ்தானின் தரைப்படைக்குத் தலைமை ஏற்றவர்களை ஒரு கை விரல்களால் ஏறக்குறைய எண்ணிவிடலாம். இந்தியாவிலோ கூர்க்கிலிருந்து கரியப்பாவும் திம்மையாவும், ஸௌராஷ்டிரத்திலிருந்து ராஜேந்திர சிங்ஜியும், வங்காளத்திலிருந்து சௌதுரியும், நம் சேலம் ஜில்லாவின் சுப்பராயன் குடும்பத்திலிருந்து குமாரமங்கலமும் என, ஒருவர் வேரூன்றுமுன் அடுத்தவர் வந்துகொண்டிருந்தனர். கரியப்பா ஓய்வு பெற்றதும் ஆஸ்திரேலியாவுக்கு ஹைகமிஷனராக அனுப்பப்பட்டார். ஸ்டீவன் வில்கின்சன் என்ற அறிஞர் இந்திய ராணுவத்தையும் தேசத்தையும் பற்றி எழுதிய நூலில் வற்புறுத்தும் விஷயம் இதனினும் முக்கியமானது. இரண்டாம் உலக யுத்தத்திற்கு முன் இந்திய ராணுவத்தில் பாதிக்கு மேற்பட்டோர் பஞ்சாபிகள். பிரிவினையின்போது அப்பஞ்சாபின் பெரும் பகுதியும் முஸ்லிம் பஞ்சாபி வீரர்களும் பாகிஸ்தானுக்குச் சென்றமையால், அங்கே ஒரே பிரதேசத்தைச் சார்ந்த சேனை, அப்பிரதேசத்தைவிட ஜனத்தொகை மிக்க கிழக்கு வங்காளத்தின் வாக்குகளுக்கு அஞ்சும் நிலை உண்டாயிற்று. இந்தியாவிலோ எந்த ஒரு பிரதேசத்தாரும் தாமே சேனை என்று சொல்லிக்கொள்ளும் நிலை இல்லை. எல்லைப் பாதுகாப்புப் படை 1965இல் அமைக்கப்பட்டது முதலாக, மத்திய போலீஸ் படைகளும் பெருகின. அவை உள்துறையின் கீழிருப்பவை.

எனினும், ஏற்பாடுகள் மாத்திரமே காவல் என்று கொள்வதற்கில்லை. 1959ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் தேதியன்று, பாதுகாப்பு மந்திரி கிருஷ்ண மேனனோடு கொண்ட கருத்து வேற்றுமையால் ஜெனரல் திம்மையா ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். இமயத்து எல்லையில் சீனருடன் மோதல் தொடங்கியிருந்த மாதம் அது. அண்டை தேசத்தில் அயூப் கான் ஆட்சியைப் பிடித்து ஓராண்டும் ஆகவில்லை. நேரு அவரை அழைத்துப் பேசிக் கடிதத்தை வாபஸ் வாங்கச் செய்தார். பின்னர் பாராளுமன்றத்தில், சிவில் அதிகாரமே மேலானது, மேலானதாகவே இருக்க வேண்டும் என்று அழுத்தமாகக் கூறி, ஜெனரலின் செயலைக் கண்டிக்கவும் செய்தார். விஷயத்தில் திம்மையாவின் பக்கமே நியாயம் அதிகம் என்று நான் கருதுகிறேன். சேனையின் ஆயத்தமின்மைக்கு மூன்றாண்டுகள் கழித்து நாம் கொடுத்த விலை அதற்குச் சாட்சி. ஆனால் அந்த விலையைக் கொடுத்த பிறகு, 1962ஆம் ஆண்டின் இறுதியில், கிருஷ்ண மேனனைப் பதவியிலிருந்து இறக்கியவர்கள் யார்? அவமானத்தில் துடித்துக்கொண்டிருந்த சேனை அன்று. பாராளுமன்ற அங்கத்தினர்களே, அவர்களுள்ளும் முக்கியமாக ஆளுங்கட்சியினரே. சேனையின் மனக்குறை தீர்வதற்குச் சேனை அன்றி வேறொரு வாசல் திறந்திருந்தது. அந்த வாசலைப் பற்றியே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

சேனையின் சேர்க்கையை மாற்றி அமைப்பதால் புரட்சியைத் தவிர்க்கலாம் என்பதற்கு இலங்கை வேறொரு விதமான திருஷ்டாந்தம். அது தமிழருக்கு மிக அருகாமையிலுள்ள திருஷ்டாந்தமும் ஆகும். 1962ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் தேதி இரவு, கர்னல் டி ஸேரம் முதலிய ராணுவ அதிகாரிகளும், ஸிட்னி டி ஸொய்ஸா, டிஸாநாயக போன்ற உயர்ந்த போலீஸ் அதிகாரிகளும் சேர்ந்து, ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கத்தைக் கவிழ்க்கத் திட்டமிட்டனர். போலீஸ் அதிகாரி ஒருவர் தம் மாமனாரான பாராளுமன்ற அங்கத்தினரிடம் விஷயத்தைச் சொல்லிவிட, அவ்விரவே சூழ்ச்சி முறிந்தது. துப்பாக்கி ஒன்றும் வெடிக்கவில்லை. வழக்கில் சிக்கிய இருபத்து நால்வரும் சிங்களக் கிறிஸ்தவர், தமிழர், பறங்கியர் ஆகிய வகுப்பினர். 1956ஆம் ஆண்டின் சிங்கள மொழிச் சட்டத்திற்குப் பின் தம் ஸ்தானம் நழுவுவதைக் கண்ட ஆங்கிலம் கற்ற வர்க்கத்தினர். பதினொருவர் தண்டிக்கப்பட்டனர், ஆனால் லண்டன் பிரிவி கவுன்சில், குற்றம் நடந்த பிறகு அக்குற்றத்திற்கென்றே செய்யப்பட்ட சட்டம் நீதிபதிகளின் அதிகாரத்தைச் சட்டசபை அபகரிப்பதாகும் என்று கூறி, 1965ஆம் ஆண்டில் அவர்களை விடுதலை செய்தது. நீதியின் சரித்திரத்தில் மதிப்பிற்குரிய தீர்ப்பு அது. ஆயின் சேனையின் சரித்திரம் வேறு வழியே சென்றது. சிறுபான்மையோரை நம்ப முடியாது என்ற முடிவுக்கு வந்த அரசாங்கங்கள், ஆட்சேர்ப்பைச் சிங்கள பௌத்தர்களிடமே குவித்தன. 1980களின் தொடக்கத்தில் அது ஏறக்குறைய ஒரே இனத்தின் சேனை ஆகிவிட்டிருந்தது. அதன் பிறகு இலங்கையில் அரசாங்கம் எதுவும் ராணுவத்தால் கவிழவில்லை என்பது உண்மையே. ஆனால் 1983க்குப் பின் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் வந்து நின்ற சிப்பாய், தான் காவல் செய்யும் ஜனங்களின் பாஷையை அறியாதவனாக இருந்தான் என்பதும் உண்மை. புரட்சிகளின் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு ஜனநாயகத்தின் ஸ்திரத்தை அளக்கும் ஆராய்ச்சியாளர்கள், இந்தியாவையும் இலங்கையையும் ஒரே பத்தியில் எழுதிவிடுகிறார்கள். அப்பத்தியை என்னால் ஏற்க இயலாது.

சேனையையே ஒழித்துவிட்ட கோஸ்டரிக்காவைப் பற்றியும் ஒரு வார்த்தை. உள்நாட்டுப் போரில் வென்ற ஹோஸே ஃபிகேரஸ், 1948ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதியன்று ஸான் ஹோஸே நகரின் ராணுவக் கோட்டைச் சுவரில் சம்மட்டியால் அடித்து, ராணுவம் கலைக்கப்பட்டது என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு அரசியல் சட்டமும் நிரந்தர ராணுவத்தைத் தடை செய்தது. கோட்டை பொருட்காட்சி சாலையாயிற்று. மகத்தான காரியந்தான். எனினும் அதன் பிறகும், 1949ஆம் ஆண்டு ஏப்ரலில், பாதுகாப்பு மந்திரியே புரட்சிக்கு முயன்று தோற்றார் என்பதையும், சிறிய தேசத்திற்கு இயன்றது இரு எல்லைகளிலும் யுத்த அபாயமுள்ள தேசத்திற்கு இயலாது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

ராணுவப் புரட்சி உள்ளே எவ்வாறு நிகழ்கிறது என்பதை அண்மைக் காலத்தில் நன்கு விளக்கியவர் நௌனிஹால் சிங். கானாவின் புரட்சிகளில் ஈடுபட்டவர்களிடமே விசாரித்து அவர் கண்ட முடிவு இது: புரட்சியின் இரவில் நடுநிலையில் நிற்கும் அதிகாரி ஒவ்வொருவரும், எது நியாயம் என்பதைக் காட்டிலும், மற்ற அதிகாரிகள் எந்தப் பக்கம் சேரப் போகிறார்கள் என்றே யோசிக்கிறார்கள், சகோதரச் சண்டையில் தோற்கும் பக்கம் நிற்க எவரும் விரும்புவதில்லை. வானொலி நிலையத்தைப் பிடிக்கக் கலகக்காரர்கள் விரைவது இதனாலேதான். 1961ஆம் ஆண்டு ஏப்ரலில் அல்ஜியர்ஸ் நகரில் நான்கு பிரெஞ்சு ஜெனரல்கள் கலகம் செய்தபோது, நகரம் அவர்கள் கையில் இருந்தது. பாரிஸ் நகரம் பாராசூட் படையை எதிர்நோக்கி நடுங்கிக்கொண்டிருந்தது. 23ஆம் தேதி மாலையில் ஜனாதிபதி டி கால் தம் பழைய ஜெனரல் உடையை அணிந்து தொலைக்காட்சியிலும் வானொலியிலும் பேசினார். கலகக்காரருக்குக் கீழ்ப்படிவதைத் தடை செய்தார். அல்ஜீரியாவின் பாசறைகளில் கட்டாய சேவைக்கு வந்திருந்த இளைஞர்கள் தம் கையடக்கமான டிரான்ஸிஸ்டர் பெட்டிகளில் அதனைக் கேட்டனர். கேட்டது மட்டுமன்று; பக்கத்துக் கூடாரத்தில் இருப்பவனும் கேட்டுவிட்டான் என்பதை ஒவ்வொருவனும் அறிந்தான். கலகம் சில தினங்களில் கரைந்தது. 1981ஆம் ஆண்டு பிப்ரவரி 23இல் ஸ்பெயினின் பாராளுமன்றத்தில் தெஹேரோ என்ற அதிகாரி துப்பாக்கியோடு புகுந்தபோதும், வாலென்ஸியாவின் வீதிகளில் டாங்கிகள் வந்துவிட்டபோதும், நள்ளிரவுக்குப் பின் மன்னர் ஹுவான் கார்லோஸ் தொலைக்காட்சியில் தோன்றிப் பேசிய பேச்சு அதே காரியத்தைச் செய்தது.

சிவில் ஆட்சி நிற்பது, அது நிற்கும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பதால். அப்படியானால் அந்த எதிர்பார்ப்பு எங்கே உண்டாகிறது? இங்கேதான் சேனையை விட்டு அரசியல்வாதிகளை நோக்க வேண்டியிருக்கிறது. ராணுவம் பெரும்பாலும் தானாகவே வருவதில்லை. அரசியல் விளையாட்டில் தோற்ற கூட்டம் ஒன்று பாசறையின் கதவைத் தட்டிய பிறகே வருகிறது. சிலி தேசத்தின் கதை இதற்குத் துயரமான உதாரணம். அரசியலில் தலையிடுவதில்லை என்ற விரதத்தைச் சித்தாந்தமாகவே கொண்டிருந்த சேனாதிபதி ஷ்னைடர், அவ்விரதத்தின் பொருட்டே 1970ஆம் ஆண்டு அக்டோபரில் சுடப்பட்டு மாண்டார். அவருக்குப் பின் வந்த பிராட்ஸும் அதே வழியில் நின்றார். ஆனால் 1973ஆம் ஆண்டு ஆகஸ்டில், அரசாங்கம் அரசியல் சட்டத்தை மீறிவிட்டது என்று கண்டித்து, அதனைக் கவனிக்கும்படி ராணுவத்தையே விளித்து, பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மையோர் தீர்மானம் நிறைவேற்றினர். மூன்று வாரங்களுக்குள், செப்டம்பர் 11ஆம் தேதியன்று, சேனாதிபதி பினோஷே ஆட்சியைப் பிடிக்க வந்துவிட்டார். கதவைத் தட்டியவர்களுள் பலர், சில மாதங்களில் ஆட்சி தம் கைக்குத் திரும்பும் என்று நம்பியிருந்தனர். பதினாறு ஆண்டுகள் காத்திருந்தனர்.

பாகிஸ்தானில் இக்கதவு இன்னும் முன்னரே திறந்தது. அரசியல் சட்டம் எழுதி முடிக்கவே 1956 வரை ஆயிற்று. நேரடியான தேசியத் தேர்தல் 1970 வரை நடைபெறவில்லை. 1947 முதல் 1958 வரை ஏழு பிரதம மந்திரிகள். 1953ஆம் ஆண்டில் லாகூரில் கலவரம் மூண்டபோது சிவில் அதிகாரிகள் கையை விரித்துவிட, ராணுவச் சட்டம் பிரகடனம் செய்யப்பட்டது. சிப்பாய்கள் கலவரத்தை அடக்கியதோடு நில்லாமல் நகரத் தெருக்களையும் சுத்தம் செய்தனர். மந்திரிகளால் ஆகாதது ஜெனரல்களால் ஆகும் என்ற எண்ணம் பொதுஜனங்களின் மனத்தில் மட்டுமா, ஜெனரல்களின் மனத்திலும் அங்கேதான் விழுந்தது. அடுத்த ஆண்டில், சேனாதிபதி அயூப் கான் சீருடையைக் களையாமலே பாதுகாப்பு மந்திரியாகவும் ஆக்கப்பட்டார். அழைத்தவர்கள் அரசியல்வாதிகளே.

இவ்விரு தேசங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு 1977ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தைப் போன்ற தருணம் வேறில்லை. அம்மாதத்தில் இரு தேசங்களிலும் பொதுத் தேர்தல் நடந்தது. இந்தியாவில் அதற்கு முன், 1975ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் தேதியன்று, டில்லி ராம்லீலா மைதானத்தில் ஜயப்பிரகாஷ் நாராயணர், சட்ட விரோதமான கட்டளைகளுக்குக் கீழ்ப்படிய வேண்டாம் என்று போலீஸாரையும் ராணுவத்தினரையும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிரவே நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறை சென்றார்கள். பத்தொன்பது மாதங்கள் சிறையில் இருந்தவர்களுள்ளும் வெளியில் மறைந்திருந்தவர்களுள்ளும், ஆட்சியை மாற்றப் படைத் தலைவர்களின் உதவியை நாடிச் சென்ற தலைவர் எவரும் இல்லை. மறுபுறம், ஆட்சியிலிருந்தோராலும் ராணுவத்தைத் தம் கட்சியின் கருவியாக்க முடியவில்லை, தரைப்படைத் தலைவர் ரெய்னா அதனை ஒதுக்கியே வைத்திருந்தார். தேர்தல் வந்தது, பிரதம மந்திரி தம் தொகுதியிலேயே தோற்றார், ராஜினாமாச் செய்தார். பாகிஸ்தானில் மார்ச்சு 7ஆம் தேதித் தேர்தலில் மோசடி நடந்தது என்று எதிர்க்கட்சிகள் வீதிக்கு வந்தன. பிரதம மந்திரி புட்டோ, ஏப்ரலில் கராச்சி, லாகூர், ஹைதராபாத் நகரங்களைத் தாமே ராணுவச் சட்டத்தின் கீழ் வைத்தார். எதிர்த்தரப்பில் ஓய்வு பெற்ற ஏர் மார்ஷல் அஸ்கர் கான், சட்ட விரோதமான கட்டளைகளை மறுக்கும்படி ராணுவ அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். ஆக, ஒரே கதவை இரு பக்கத்தாரும் தட்டினர். ஜூலை 5ஆம் தேதி அதிகாலையில் ஜெனரல் ஜியா உல் ஹக் அதனைத் திறந்துகொண்டு வந்தார். 1976ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பல மூத்த ஜெனரல்களைத் தாண்டி அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தவர் அதே புட்டோதான். விசுவாசமான மனிதர் என்று நம்பியே தேர்ந்தெடுத்தார்.

வேற்றுமை சிப்பாய்களின் குணத்தில் இல்லை. இந்தியாவில் தோற்றவர்களுக்கு, வாக்குப் பெட்டியின் வழியே திரும்பி வரலாம் என்ற நம்பிக்கை 1952 முதல் ஐந்து பொதுத் தேர்தல்களில் பழகிப் போயிருந்தது. 1967ஆம் ஆண்டில் சென்னை உள்ளிட்ட பல ராஜ்யங்களில் ஆளுங்கட்சி தோற்று, எதிர்க்கட்சியினர் கோட்டைகளுக்குள் அமைதியாகச் சென்று அமர்ந்ததை எல்லோரும் கண்ணாரக் கண்டிருந்தனர். 1977இல் தோற்றவரே 1980இல் வென்று திரும்பினார். எண்ணிக்கையை நம்பும் கட்சி ஜெனரலைத் தேடிப் போவதில்லை.

ராணுவ ஏற்பாடுகளுக்கு நாம் கொடுத்த விலையும் சொற்பமன்று. முப்படைகளுக்கும் பொதுவான ஒரு தலைமை இருப்பின் அது ஒருவர் கையில் அதிகாரத்தைக் குவித்துவிடும் என்ற அச்சத்தால், யுத்த காலத்திலுங்கூட மூன்று படைகளும் மூன்று திட்டங்களோடு இயங்கின. கார்கில் யுத்தத்திற்குப் பின், 2001ஆம் ஆண்டில், மந்திரிகள் குழு ஒன்று முப்படைத் தளபதி பதவியைச் சிபாரிசு செய்தும், அப்பதவி 2020ஆம் ஆண்டு ஜனவரியில் தான் ஜெனரல் பிபின் ராவத்துடன் தொடங்கிற்று. நேரு காலத்து மந்திரி சபையில் இப்படி ஒரு யோசனையைப் பிரஸ்தாபிக்க எவர் துணிந்திருப்பார்? இப்போதோ, அதனைப் பற்றி எழுந்த விவாதம் பெரும்பாலும் கூட்டுக் கட்டளைகளை எவ்வாறு அமைப்பது, விமானப்படையின் விமானங்களை எவ்வாறு பங்கிடுவது என்பன பற்றியே இருந்தது. 1955ஆம் ஆண்டில் பூட்டிய பூட்டுகளுள் ஒன்று கழற்றப்பட்டது. அதனால் டில்லிக்கு ஆபத்து என்று எந்தக் கட்சியும் பெரிதாகக் குரல் எழுப்பவில்லை.